விபத்து வாசகங்கள் – ஒரு விமரிசனம்

நூல்களுக்கு மதிப்புரை எழுதுகிறார்கள். திரைப்படங்களுக்கும் நாடகங்களுக்கும் விமரிசனம் எழுதுகிறார்கள். சாலையோரப் பலகைகளுக்கு யாரும் எழுதுவதில்லை. ஆனால் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் தம் வாழ்நாளில் மிக அதிகத் தடவை படிக்கும் எழுத்து அதுவாகத்தான் இருக்கும். நான் நாள்தோறும் கல்லூரிக்குப் போகும் இருபத்திரண்டு கிலோமீட்டர் சாலையில் விபத்தைப் பற்றிய வாசகங்கள் மட்டும் பதினான்கு இடங்களில் உள்ளன. பேருந்தின் சன்னலோரம் உட்கார்ந்து ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். அவற்றை ஒரு பாடநூலின் பக்கங்களாகக் கொண்டால் எப்படி இருக்கும்? அவை சொல்வது சரியா, போதுமா, படிப்பவருக்கு எதையேனும் கற்பிக்கின்றனவா? இந்தக் கேள்விகளோடு, அடிபட்ட நேரத்தில் வீட்டிலும் திரைப்படத்திலும் மருத்துவமனை வாசலிலும் நாம் வழங்கும் சில வாசகங்களையும் சேர்த்துக்கொண்டு இந்த விமரிசனத்தை எழுதுகிறேன்.

நான் மருத்துவன் அல்லன்; இயற்பியல் ஆசிரியன். 'காயத்தைப் பற்றிப் பேச உமக்கென்ன உரிமை?' என்று நீங்கள் கேட்கலாம். 1960களில் அமெரிக்காவில் வில்லியம் ஹேடன் என்ற மருத்துவர் இதற்கு வழி செய்து வைத்திருக்கிறார். மலேரியாவுக்கு ஒரு கிருமி இருப்பதுபோல் காயத்துக்கும் ஒரு காரணி உண்டு, அது ஆற்றல் என்று அவர் வாதிட்டார். உடலின் திசுக்கள் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் இயக்க ஆற்றலோ வெப்ப ஆற்றலோ மின்னாற்றலோ உடலுக்குள் புகுந்தால் அதுதான் காயம். அப்படியானால் காயத்தின் முதல் பாதி, அதாவது உடலை வந்து தொடும் வரை உள்ள பகுதி, எங்கள் வகுப்பறைக்கு உரியது. மறுபாதிதான் மருத்துவருடையது.

'விபத்து' என்ற சொல்லிலேயே விமரிசனத்தைத் தொடங்கலாம். எங்கிருந்தோ வந்து விழும் ஆபத்து என்ற பொருள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்திலும் இதே குறைதான். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழ், 'தற்செயல்' என்ற வாடை வீசும் அந்த ஆங்கிலச் சொல்லைத் தன் பக்கங்களில் பயன்படுத்துவதில்லை என்று 2001ஆம் ஆண்டில் அறிவித்தது. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சொல் இருந்துவிட்டுப் போகட்டும். அதன் பின்னால் 'தலைவிதி' என்ற சொல் தானாக வந்து நிற்பதைத்தான் தடுக்க வேண்டும்.

இனிப் பலகைகளுக்கு வருவோம். 'மித வேகம் மிக நன்று.' என் சாலையில் இது மூன்று இடங்களில் இருக்கிறது. காதுக்கு இனிய வாசகம்; மோனை பொருந்தியிருக்கிறது; ஒருமுறை படித்தால் மறக்காது. ஆனால் ஒரு விடைத்தாளில் இப்படி எழுதியிருந்தால் நான் மதிப்பெண் கொடுக்க மாட்டேன். மித வேகம் என்பது எவ்வளவு? அலகு எங்கே? இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் இக்கேள்வியைக் கேட்டேன். மணிக்கு 40 கிலோமீட்டர் என்றான் ஒருவன். 60 என்றாள் ஒருத்தி. 80 என்று கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு குரல். விசாரித்தபோது தெரிந்தது, ஒவ்வொருவரும் தாம் வழக்கமாகப் போகும் வேகத்தையே மித வேகம் என்று சொல்லியிருக்கிறார்கள். படிக்கும் எவரையும் மாற்றாமல் எல்லாரையும் திருப்திப்படுத்தும் வாசகம் அது.

இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய எல்லாரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் அந்தச் சமன்பாடு சாலையில் நம்மோடு வருவதில்லை. அதை உயரமாக மாற்றினால் வரும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சுவரில் மோதுவது, ஏறத்தாழ 3½ மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஒரு மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். 50 கிலோமீட்டர் என்றால் 10 மீட்டர், மூன்று மாடி. 60 என்றால் 14 மீட்டர். நான்கு மாடிக்கு மேல். 80 என்றால் 25 மீட்டர், எட்டு மாடி. வேகத்தின் இருமடியை ஈர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கால் வகுத்தால் இந்த உயரங்கள் கிடைக்கும். நீங்களே போட்டுப் பார்க்கலாம். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் உட்காரும் பையனைக் கண்டு பதறுகிற நாம், 60இல் போகிறவன் பின்னால் நிம்மதியாக உட்கார்ந்து வருகிறோம். உயரத்துக்கு அஞ்சும் உணர்வு நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது. வேகத்துக்கு அப்படி ஓர் உணர்வு இல்லை. குதிரையேறாத மனிதன் நூறாயிரம் ஆண்டுகளாகத் தன் காலால் ஓடும் வேகத்துக்கு மேல் அறிந்ததில்லையே!

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். வகுப்பில் எப்போதும் அமைதியை உண்டாக்குகிற கணக்கு இது. இரண்டு மோட்டார் சைக்கிள்கள் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. ஒன்று 40, மற்றது 60 கிலோமீட்டர் வேகம். எதிரே ஒரு குழந்தை ஓடி வருகிறது. இருவரும் ஒரே கணத்தில் பார்க்கிறார்கள். கண்ணில் பட்டதற்கும் கை பிரேக்கை அழுத்துவதற்கும் இடையே இருவருக்கும் ஒரு வினாடி ஆகிறது. தார்ச்சாலையில் பிரேக் தரும் எதிர்முடுக்கம் வினாடிக்கு வினாடி 7 மீட்டர் என்று கொள்வோம். 40இல் வந்தவர் அந்த ஒரு வினாடியில் 11 மீட்டரும் பிரேக் பிடித்த பின் 9 மீட்டரும் போய், 20ஆம் மீட்டரில் நின்றுவிடுகிறார். குழந்தை 21ஆம் மீட்டரில் நிற்கிறது. பிழைத்தது. 60இல் வந்தவருக்கு, பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே 17 மீட்டர் போய்விட்டது. 20ஆம் மீட்டரில் அவருடைய வேகம் என்ன? பெரும்பாலோர் '20 இருக்கும்' என்பார்கள். 60இல் 40 போனால் 20 அல்லவா! விடை 55. ஒருவர் முற்றிலும் நின்றுவிட்ட இடத்தில் மற்றவர் இன்னும் மணிக்கு 55 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருக்கிறார். 'மிக நன்று' என்பதற்குப் பதிலாக இந்த எண்ணை எழுதலாம் அல்லவா?

பலகை எழுதுபவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் ஒருவர் இரண்டு வினாடியில் 28 மீட்டரைக் கடந்துவிடுகிறார். பலகையைப் படிக்க அவருக்குக் கிடைப்பது அந்த இரண்டு வினாடிதான். ஐந்து சொற்களுக்கு மேல் எழுதினால் அதைப் படிப்பதே ஓர் ஆபத்தாகிவிடும். எனவே குறை சுருக்கத்தில் இல்லை. அந்த ஐந்து சொற்களில் எதை வைப்பது என்ற தேர்வில் இருக்கிறது. 'குடிபோதையில் வாகனம் ஓட்டாதீர்' என்பதும் சுருக்கம்தான். அதில் குறை காண ஒன்றுமில்லை. எதைச் செய்யக்கூடாது என்பது தெளிவாக இருக்கிறது. வீட்டில் மனைவி மக்கள் காத்திருப்பதை நினைவூட்டும் வாசகங்களும் சில உண்டு. அவற்றைப் படித்துக் கண் கலங்கலாம். என்ன செய்வது என்று தெரிந்துகொள்ள முடியாது.

அடுத்தது, 'தலைக்கவசம் உயிர்க்கவசம்.' இதைப் பற்றி எழுத எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று இருக்கிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் இருந்த ஒரு மாணவன், கணத்தாக்கு பற்றிய கேள்விக்கு மிக நன்றாக விடை எழுதியிருந்தான். தரையில் விழும் முட்டை உடைகிறது, மெத்தையில் விழும் முட்டை உடைவதில்லை, ஏன் என்பது கேள்வி. நிற்பதற்கான நேரமும் தொலைவும் மிகும்போது விசை குறைகிறது என்று படம் போட்டு விளக்கியிருந்தான். பத்துக்கு ஒன்பது கொடுத்தேன். அடுத்த வாரம் கல்லூரி வாயிலருகே ஒரு நாய் குறுக்கே ஓடியதில் அவன் வண்டியோடு சாய்ந்தான். வேகம் 25க்கு மேல் இராது. கண்ணால் பார்த்தவர்கள் சொன்னார்கள். தலையில் ஹெல்மெட்டும் இருந்தது. அதாவது, நான் மேலே சொன்ன இரண்டு பலகைகளுக்கும் அவன் கீழ்ப்படிந்தவன். ஆனால் தாடைக்குக் கீழே வாரை அவன் மாட்டியிருக்கவில்லை. ஹெல்மெட் தனியாகப் போய் வாய்க்காலில் விழுந்தது. தலை தனியாகத் தரையில் அடித்தது.

இங்கே வண்டியின் வேகத்தைவிடத் தலையின் உயரம்தான் முக்கியம். வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய 1½ மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து விழும் தலை வினாடிக்கு 5 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தரையைத் தொடும். வண்டி நின்றுகொண்டிருந்து சாய்ந்தாலும் இதே கணக்குதான். தொட்டபின் அது எவ்வளவு தொலைவில் நிற்கிறது? தார்ச்சாலை அமுங்குவதில்லை. தோலும் எலும்பும் சில மில்லிமீட்டர் அமுங்கலாம். 3 என்று வைத்துக்கொள்வோம். விழுந்த உயரத்தை நின்ற தொலைவால் வகுத்தால், எதிர்முடுக்கம் ஈர்ப்பு முடுக்கத்தைப் போல எத்தனை மடங்கு என்பது வந்துவிடும். 1500 மில்லிமீட்டரை 3ஆல் வகுங்கள்: 500 மடங்கு. ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மோகோல் அடுக்கு 25 மில்லிமீட்டர் நசுங்கி இடம் கொடுத்தால்? 60 மடங்கு. இவை சராசரிக் கணக்குகள். உண்மையில் உச்ச மதிப்பு இவற்றைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் இரண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவே இருப்பது 22 மில்லிமீட்டர் வித்தியாசம்.

இப்போது 'கவசம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கவசம் என்றதும் நம் நினைவுக்கு வருவது கர்ணனுடையது: எது பட்டாலும் உடையாதது, வளையாதது. ஹெல்மெட் அதற்கு நேர்மாறானது. அது நசுங்க வேண்டும், விரிசல் விட வேண்டும், தன்னைக் கெடுத்துக்கொள்ள வேண்டும். அப்படிக் கெடும்போதுதான் தலைக்கு வர வேண்டிய ஆற்றலை அது விழுங்குகிறது. 'கவசம்' என்று எழுதிவைத்த காரணத்தால் கடையில் நாம் என்ன செய்கிறோம்? மேல் ஓட்டை விரல் மடக்கித் தட்டிப் பார்த்து, 'நல்ல கெட்டி' என்று வாங்குகிறோம். உள்ளே தெர்மோகோல் இருக்கிறதா, எத்தனை தடிமன் என்று பார்ப்பதில்லை. நடைபாதையில் விற்கும் சிலவற்றில் மெல்லிய பஞ்சு மட்டுமே இருக்கும். பஞ்சு விரல் பட்டாலே முழுதும் அமுங்கிவிடுகிறது. அது தலைக்குச் சுகம் தருவதற்கு, ஆற்றலை விழுங்குவதற்கு அன்று. 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையற்ற இருசக்கர வாகன ஹெல்மெட்டுகளை இந்தியாவில் விற்பது சட்டப்படி குற்றம். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே நசுங்கிய தெர்மோகோல் மீண்டும் எழும்பாது. அதைத் தம்பிக்குக் கொடுக்காதீர்கள்.

தமிழில் இதற்குப் பொருத்தமான சொல் வேறொன்று இருக்கிறது: சும்மாடு. தலையில் சுமை தூக்குபவர்கள் துணியைச் சுருட்டி வைத்துக்கொள்வார்களே, அது. கடினமானதற்கும் தலைக்கும் நடுவே மெத்தென்று ஒன்று வேண்டும் என்ற தத்துவத்தை நம் கூலித் தொழிலாளர்கள் கவசம் அணிந்த மன்னர்களைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். 'தலைச்சும்மாடு' என்று வகுப்பில் சொன்னபோது மாணவர்கள் சிரித்தார்கள். சிரித்தாலும் தத்துவம் மனத்தில் நின்றது.

ஹெல்மெட்டின் வரலாறும் இதையே காட்டுகிறது. 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று பெயர்பெற்ற டி. இ. லாரன்ஸ் 1935 மே மாதத்தில் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களுள் ஹியூ கெய்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர் ஒருவர். அந்தச் சாவு அவரை விடவில்லை. போர்க்காலத்தில் இராணுவச் செய்தி கொண்டு செல்லும் மோட்டார் சைக்கிள் வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் அவர் வெளியிட்ட கட்டுரை, ஹெல்மெட்டின் பயனுக்கு முதல் பெரிய சான்று. அதே ஆண்டு இறுதியில் பிரிட்டிஷ் இராணுவம் அவ்வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. நசுங்கி ஆற்றலை விழுங்கும் உள்ளடுக்கு என்ற கருத்து அதன் பிறகே வளர்ந்தது. அமெரிக்காவில் சார்லஸ் லொம்பார்டு அதற்குக் காப்புரிமை பெற்றது 1953இல். முதலில் ஓடு, பிறகுதான் சும்மாடு.

என் மாணவனுக்கு வருகிறேன். விழுந்தவன் உடனே எழுந்துவிட்டான். சட்டையைத் தட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டான். காதுக்கு மேலே சிறிய வீக்கம், இரத்தம்கூட இல்லை. "ஒண்ணும் இல்ல சார்" என்றான். அரைமணி நேரத்தில் தலை வலிக்கிறது என்றான். ஒருமுறை வாந்தி எடுத்தான். தூக்கம் வருகிறது என்றான். "கொஞ்ச நேரம் படுக்கட்டும் சார், சரியாயிடும்" என்றார் உடனிருந்த ஆசிரியர். எனக்கும் அது சரியாகவே பட்டது. ஆசிரியர் அறையில் பெஞ்சைப் போட்டு மின்விசிறியைச் சுழலவிட்டுப் படுக்கவைத்தேன். நாற்பது நிமிடம் கழித்து எழுப்பினால் எழவில்லை.

அந்த நாற்பது நிமிடம் என் தவறு. 'கொஞ்ச நேரம் படுக்கட்டும்' என்பதும் நம் விபத்து வாசகங்களுள் ஒன்று. கருணை மிகுந்தது, ஆனால் மண்டையோட்டின் இயற்பியலை அறியாதது. மண்டையோடு மூடிய பெட்டி. அதற்குள் மூளையும் இரத்தமும் மூளைத் தண்டுவட நீரும் இடைவெளியின்றி நிறைந்திருக்கின்றன. நீர்மங்களைப் போல இவையும் அமுக்கத்தால் சுருங்குபவை அல்ல. எலும்புக்கும் மூளை உறைக்கும் நடுவே ஒரு தமனி கிழிந்து இரத்தம் கசியத் தொடங்கினால், முதலில் சிறிது நீரும் சிரை இரத்தமும் வெளியேறி இடம் கொடுக்கும். அந்த நேரத்தில் ஆள் தெளிவாகப் பேசுவார், நடப்பார், 'ஒண்ணும் இல்ல' என்பார். கொடுப்பதற்கு இடம் தீர்ந்ததும் அழுத்தம் திடீரென்று ஏறும். அப்போது வரும் தூக்கம் தூக்கம் அன்று. தலையில் அடிபட்டவருக்குத் தலைவலி மிகுந்துகொண்டே போனாலோ, வாந்தி வந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ, எழுப்புவதற்குக் கடினமான தூக்கம் வந்தாலோ, காயத்தின் அளவைப் பார்க்காதீர்கள். மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

108ஐ அழைத்தோம். தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடும் இலவச ஊர்தி. நல்ல வேளையாக அது பக்கத்திலேயே இருந்தது. அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் அவனை உடனே உள்ளே கொண்டு போனார்கள். அங்கே எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்த ஒரு குடும்பம் சண்டைக்கு வந்தது. கை முறிந்த ஒரு பெரியவர் வலியால் கத்திக்கொண்டிருந்தார். "நாங்க வந்து ஒரு மணி நேரமாச்சு. சத்தம் போடாம படுத்திருக்கிற பையனை முதல்ல பாக்கறாங்களே, இது என்ன நியாயம்?" என்று அவர் மகன் கேட்டார்.

வாசகரே, அந்தக் கேள்விக்கான விடைதான் அவசர சிகிச்சைப் பிரிவின் முதல் விதி. கத்துகிறவரின் மூச்சுக்குழாய் திறந்திருக்கிறது. மூளைக்கு இரத்தம் போகிறது. அவரால் காத்திருக்க முடியும். சத்தமில்லாமல் கிடப்பவரால் முடியாது. நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராக இருந்த லாரே, பதவியையோ வரிசையையோ பாராமல் காயத்தின் கடுமையை மட்டும் பார்த்து முறை வகுத்தார். இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் வருபவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். ரேஷன் கடை வரிசை இங்கே செல்லாது. இதை விளக்கும் ஒரு பலகை அந்தக் கூடத்தில் இருந்திருந்தால் பாதிச் சண்டை நடந்திராது. அங்கே இருந்த பலகை 'அமைதி காக்கவும்' என்றது.

ஆனால் அங்கேதான் நான் ஒரு சிறந்த எழுத்தையும் கண்டேன். இந்தக் கட்டுரை முழுவதும் குறையே சொல்லிக்கொண்டிருப்பதால் இதைப் பாராட்டிவிட்டுப் போகிறேன். அவன் கட்டிலோடு கட்டியிருந்த தாளில் மருத்துவர் மணிக்கு மணி ஓர் எண் எழுதினார்: 9, 8. 'கிளாஸ்கோ அளவை' என்றார். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜெனட் என்ற இரு நிபுணர்கள் 1974இல் வகுத்தது. அதற்கு முன் 'அரை மயக்கம்', 'ஆழ்ந்த மயக்கம்' என்று ஒவ்வொரு மருத்துவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்களாம். ஒருவரின் 'அரை' இன்னொருவருக்குக் 'கால்'. நம் 'மித வேகம்' போலத்தான். இவர்கள் மூன்றே கேள்வி கேட்டார்கள். கண் எதற்குத் திறக்கிறது? தானாகவா, கூப்பிட்டாலா, வலித்தாலா, திறப்பதே இல்லையா? 4 முதல் 1 வரை. வாய் என்ன சொல்கிறது? 5 முதல் 1 வரை. கை கால் சொன்னபடி அசைகிறதா? 6 முதல் 1 வரை. கூட்டினால் நலமுள்ளவருக்கு 15. மிகக் கீழே 3. எந்தக் கருவியும் வேண்டாம். இரவுப் பணியில் இருப்பவர் மாறினாலும் எண் மாறாது. எண் இறங்கினால் நோயாளி இறங்குகிறார் என்று பொருள். ஒரு வாசகம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை.

அன்றிரவே அறுவை செய்தார்கள். பிழைத்தான். ஓராண்டு கழித்துக் கல்லூரிக்குத் திரும்பி வந்தான். பேசும்போது சில சொற்களுக்காக இப்போதும் சற்று நின்று தேடுகிறான்.

'இருபத்து நான்கு மணி நேரம் கழித்துத்தான் எதுவும் சொல்ல முடியும்' என்று கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே மருத்துவர் சொல்லும் காட்சி இல்லாத பழைய தமிழ்ப்படம் குறைவு. நாமெல்லாம் கேலி செய்த வசனம் அது. ஆனால் தலைக்காயத்தைப் பொறுத்தவரை அதில் உண்மை இருக்கிறது. அடிபட்ட கணத்தில் நேரும் சேதம் ஒன்று. பிறகு வீக்கத்தாலும் கசிவாலும் மணிக்கணக்கில் வளரும் சேதம் இன்னொன்று. இரண்டாவதைத்தான் மருத்துவர்களால் தடுக்க முடியும். அதற்காகத்தான் காவல் இருக்கிறார்கள். திரைப்படங்களின் இன்னொரு வசனத்தை மன்னிக்க முடியாது: 'இது போலீஸ் கேஸ், முதலில் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வாருங்கள்.' 1989இல் பரமானந்த கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, உயிரைக் காப்பதே முதல் கடமை, சட்ட நடைமுறைகள் அதற்குக் குறுக்கே நிற்க முடியாது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவின்படி, நல்லெண்ணத்தோடு உதவி செய்பவர்மேல் வழக்கும் வராது. பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும், வரம்புக்கு உட்பட்டு இலவசம். சட்டம் மாறி முப்பது ஆண்டுக்கு மேலாகியும் சாலையில் கூடும் கூட்டத்தின் மனத்தில் பழைய வசனமே ஓடுகிறது. பலகையில் எழுத வேண்டியது இதுவல்லவா?

வீட்டு வாசகங்களைப் பற்றியும் கொஞ்சம். 'வெட்டுக்காயத்துக்குக் காப்பித்தூள் வை.' இரத்தம் உடலை விட்டு வெளியேறுவது அழுத்தத்தால். 120 மில்லிமீட்டர் பாதரசம் என்பதை நமக்குப் பழகிய அலகுக்கு மாற்றினால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 160 கிராம் எடை. அதைவிடச் சற்றுக் கூடுதலாக வெளியிலிருந்து கொடுத்தால் கசிவு நின்றுதானே ஆக வேண்டும்? உள்ளங்கையளவு மடித்த சுத்தமான துணி, அதன்மேல் நேரே பலமாக ஓர் அழுத்து. பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல். நனைந்தால் மேலே இன்னொரு துணி. காப்பித்தூளுக்கு அழுத்தம் என்று ஒன்று இல்லை. அழுக்கு மட்டும் உண்டு.

'தீப்பட்ட இடத்தில் தண்ணீர் படக்கூடாது' என்பது இன்னும் கொடியது. என் தாயார் சோறு வடிக்கும்போது கொதிகஞ்சி கையில் கொட்டிவிட்டது. "தண்ணி ஊத்தாதீங்க அக்கா, கொப்புளம் போட்டுரும்" என்று ஓடிவந்தார் அடுத்த வீட்டு அம்மாள், கையில் பற்பசை. எம்.எஸ்ஸி. படித்த நானும் ஒரு நிமிடம் அந்தப் பற்பசையை வாங்கப் போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தோல் 60 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஐந்து வினாடியில் வெந்துவிடும், 70 பாகையில் ஒரு வினாடி போதும் என்பதை மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் 1947இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். கஞ்சியோ அதைவிடச் சூடு. பசைபோல ஒட்டிக்கொள்ளவும் செய்யும். அடுப்பிலிருந்து கையை எடுத்தபிறகும் தோலுக்குள் புகுந்த வெப்பம் மெல்ல மெல்ல அடியில் இறங்கி வேகவைத்துக்கொண்டே இருக்கிறது. அதை வெளியே எடுக்க ஓடும் தண்ணீரைவிட நல்லது இல்லை. தண்ணீரின் வெப்ப ஏற்புத்திறன் அவ்வளவு உயர்ந்தது. பற்பசை 'ஜில்' என்று இருக்கிறதே என்பீர்கள். புதினாச் சத்து நரம்பை ஏமாற்றுகிறது, வெப்பநிலைமானியை ஏமாற்றாது. குளிர்ச்சி என்ற உணர்வு வேறு, குளிர்தல் வேறு. மருத்துவமனையில் அந்தப் பசையைச் சுரண்டி எடுத்தால்தான் புண்ணின் ஆழமே தெரியும். அந்த வேதனை தனி.

இருபது நிமிடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். பட்டு மூன்று மணி நேரம் வரையிலும்கூட அது பயன் தரும். மே மாதத்தில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் தானே சுடும்; பானைத் தண்ணீரைச் செம்பால் மொண்டு ஊற்றுங்கள். பனிக்கட்டி வேண்டாம். வீங்குவதற்குள் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். அன்று செம்பு செம்பாக ஊற்றிக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டு அம்மாள் என் தாயாருக்காக அழுதுகொண்டே என்னைத் திட்டினார். தழும்பு இல்லாமல் ஆறிய பிறகும், அது தண்ணீரையும் மீறி ஆறியதாகவே அவர் சொல்லி வருகிறார். 'பட்ட காலிலே படும்' என்பதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். வீங்கிய கால் இடத்தை அடைக்கிறது. வலிக்கும் கால் தடுமாறுகிறது. சர்க்கரை நோயால் மரத்த கால் கல்லை உணர்வதில்லை. விதியை விட்டுப் பார்த்தால் அது நல்ல கண்காணிப்பு.

கல்லூரி வாயிலில் வைக்க நாங்களும் ஒரு பலகை எழுதினோம். 'மணிக்கு 50 கி.மீ. = மூன்று மாடி. கீழே விழத் தயாரா?' என்பது மாணவர்கள் எழுதியது. திரும்பி வந்த மாணவன் அதைப் பார்த்துவிட்டு, அடியில் இன்னொரு வரி வேண்டும் என்றான்: 'வாரை மாட்டினீர்களா?' இரண்டையும் சேர்த்து அனுமதிக்கு அனுப்பினோம். வாசகம் நீளமாக இருக்கிறது என்ற குறிப்போடு திரும்பி வந்திருக்கிறது. இரண்டு வினாடியில் 28 மீட்டர் என்ற கணக்கைப் போட்டுப் பார்த்தேன், குறிப்பு சரிதான். மேல் வரியை எடுத்துவிட்டு அவனுடைய வரியை மட்டும் அனுப்புவதாக இருக்கிறோம்.